முதலில் இரண்டு பாராட்டு

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடமாக, நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் பிழைப்பு. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் "திறங்க" என்ற ஒரே வார்த்தைதான் அவர் வாயில் வரும். நானும் திறப்பேன். அவர் வெளியே வந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு தன் வழியே போய்விடுவார். இப்படிச் சுருக்கமாக வாழ்ந்து பழகியவன் என்பதால், விளையாட்டு உருவாக்குவோர் கருத்து மன்றத்துக்குள் போனபோது எனக்கு முதல் ஒரு மாதம் எதுவுமே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

நான் அங்கே போனது அக்காவுக்காக.

அக்கா இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டர். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, உடம்பின் இடது பக்கம் ஓய்ந்துவிட்டது. கால் சீக்கிரம் திரும்பியது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் எங்கள் தெருவில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கைதான் வரவில்லை. அத்தனை வருடம் டிக்கெட் கட்டைப் பிடித்திருந்த இடது கை, யாரோ வைத்துவிட்டுப் போனது போல மடியில் கிடந்தது.

உடற்பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கு வரும் அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். "முதல் ஆறு மாசத்தை மட்டும் விட்டுடாதீங்க. அதுக்குள்ள விரல் எவ்வளவு வருதோ அதுதான் பெரும்பாலும் நிக்கும். அப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவாத்தான் வரும். தினம் இருநூறு தடவை அமுக்கச் சொல்லுங்க" என்றார்.

அக்கா மூன்று நாள் அமுக்கினாள். நான்காம் நாள் வலது கையால் பந்தை எடுத்து ஜன்னல் வழியே வீசினாள்.

"ஏன்க்கா?"

"நான் டிக்கெட் கிழிச்சா ஒரு ஆள் ஏறினான்னு அர்த்தம். விசில் அடிச்சா வண்டி நகரும். இந்தப் பந்தை அமுக்கினா என்னடா நடக்குது? ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்காத வேலையை நான் இருபத்தாறு வருஷத்துல ஒருநாள்கூடச் செஞ்சதில்ல."

நியாயமான பேச்சு. அமுக்கினால் ஏதாவது நடக்க வேண்டும். எனக்குத் தெரிந்து, அமுக்கினால் நடப்பது லிஃப்ட் ஒன்றுதான். ஆகவே அவளுக்கு ஒரு லிஃப்ட் விளையாட்டு செய்வது என்று முடிவு செய்தேன். போன் திரையில் ஒரே ஒரு பெரிய சிவப்புப் பட்டன். லிஃப்ட் ஒவ்வொரு மாடியையும் கடக்கும்போது சரியான நேரத்தில் அமுக்கினால் நிற்கும், கதவு திறக்கும், ஆள் இறங்குவான். அவ்வளவுதான் விளையாட்டு.

என்னிடம் கணினி கிடையாது. ஆனால் நான் மாதாமாதம் எண்ணெய் போட்டுப் பார்க்கும் ஒரு பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில், 'உறுப்பினர்களுக்குக் கணினி இலவசம்' என்று ஒரு பலகை தொங்கும். அதுதான் மன்றம். சேர்ந்தேன். ஒரு மூலையில் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஐந்து வாரத்தில் விளையாட்டைச் செய்து முடித்துவிட்டேன். அதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்றத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஐந்து வாரம்தான்.

அக்கா போனில் ஆடினாள். அசைந்துகொண்டிருந்த ஒரே விரலான ஆள்காட்டி விரலால், உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். தரைத்தளம் திறந்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, எல்லாம் திறந்தன. "இறங்குங்க, இறங்குங்க, வழியில நிக்காதீங்க" என்று பொம்மைகளை விரட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. நான்காம் மாடியில் கதவு திறக்கவில்லை.

இரண்டு நாள் மறுபடி மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆடிப் பார்த்தாள். மூன்றாம் நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"உள்ள நாலு பேர் நிக்கிறாங்கடா. அவங்களை அப்படியே விட்டுட்டு நான் எப்படி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறது? கடைசி ஆள் இறங்காம நான் டிப்போவுக்குப் போனதே கிடையாது. நீ கதவைத் திறந்துட்டு வா. அப்புறம் நாள் முழுக்க அமுக்கறேன்."

அது ஏழாவது வாரம். எங்கே தவறு என்று நான் தேடாத இடமில்லை. தெருமுனையில் போன் ரிப்பேர் செய்பவரிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன். அவர் திரைக்குப் புதுக் கண்ணாடி ஒட்டித் தருவதாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் மன்றச் செயலாளரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

செயலாளர் சோப்புக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். அவர் மேஜையில் ஒரு பித்தளை மணி இருந்தது. தலைக்கு மேல் அறுபத்துநான்கு விதிகள் சட்டம் போட்டுத் தொங்கின.

"நாலாவது மாடியில கதவு திறக்க மாட்டேங்குது சார். ஏன்னு யாராவது பார்த்துச் சொன்னா போதும்."

"அதாவது, உங்களுக்குக் கருத்து வேணும்."

"கருத்து வேண்டாம் சார். கதவு திறந்தா போதும்."

அவர் கனிவாகச் சிரித்தார். "புதுசா வர்ற எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். லிஃப்ட் பராமரிப்புப் படிவங்களை அப்படித்தான் யாரும் படிப்பதில்லை. பிறகுதான் தெரிந்தது. கருத்துக்கு வைக்கப்பட்ட விளையாட்டின் மூலக்கோப்பு ஒரு பென் டிரைவில் ஏற்றப்பட்டு, இரும்பு அலமாரியில் பூட்டப்படும். கணினியிலிருந்து அழிக்கப்படும். மன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகு திருப்பித் தரப்படும். எனக்குத் திருத்துவதற்கென்று ஒரு நகல் கொடுத்தார்கள். அதில் மன்றம் சொன்னதைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் அது 'தன்னிச்சைத் திருத்தம்', விதி இருபத்தொன்பது. கணினியில் போன் வயரைச் செருகும் ஓட்டைகளில் எல்லாம் அன்றே ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மதியம், கருத்தை வாங்கிக்கொள்பவருக்கான 'ஏற்கும் நாற்காலி'யில் என்னை உட்கார வைத்தார்கள். அது ஒரு பழைய பல் ஆஸ்பத்திரி நாற்காலி. தலைவர் பல் டாக்டர். வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் கிடப்பவர்களிடமே முப்பது வருடம் பேசிப் பழகியவர். விமர்சனத்துக்கும் அதுவே சரியான முறை என்று கண்டுபிடித்து, தன் நாற்காலியையே மன்றத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அதில் சாய்ந்தால் கூரையும் மின்விசிறியும்தான் தெரியும். கருத்து சொல்பவரின் முகம் தெரியாது.

விதி எளிமையானது. கருத்து சொல்பவர் முதலில் இரண்டு பாராட்டு சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு குறை. அப்புறம் ஒரு பாராட்டு. ஏற்பவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மணி அடிக்கும், அவர் முறை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஆடிப் பார்க்க ஆளுக்கு நாற்பது விநாடி. நாற்பது விநாடியில் என் விளையாட்டில் முதல் மாடிக்குத்தான் போக முடியும்.

"பட்டனோட சிவப்பு ரொம்பத் துணிச்சலான முடிவு" என்று ஒரு குரல் ஆரம்பித்தது. "அப்புறம் அந்த இசை. மனசை என்னவோ பண்ணுது." விளையாட்டில் இசையே கிடையாது. மின்விசிறிதான் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. "குறைன்னு பார்த்தா, லிஃப்ட் ஏன் மேலயும் கீழயும் மட்டுமே போகணும்? பக்கவாட்டுல போனா என்ன? மத்தபடி ரொம்ப நேர்மையான முயற்சி."

இன்னொரு குரல், ஒரே பட்டன் வைப்பது ஆடுபவரின் அறிவை அவமதிப்பது என்றது. குறைந்தது பதினொரு பட்டனாவது வேண்டும். மூன்றாவது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "கதவுங்கிறதே ஒரு பழைய சிந்தனைங்க. நாம எதுக்கு மனுஷங்களைப் பூட்டணும்? கதவை எடுத்துடுங்க."

"சார், நாலாவது மாடிவரைக்கும் ஒருத்தராவது போயிட்டு..." என்றேன்.

மணி அடித்தது. நான் வரிசையின் கடைசிக்குப் போனேன்.

வரிசையில் மறுபடி முன்னால் வர, ஒரு கருத்து வாங்குவதற்கு மூன்று கருத்து கொடுத்திருக்க வேண்டும். நான் முதலில் கருத்து கொடுக்கப் போனது மருந்துக்கடைக்காரர் ஒருவரின் விளையாட்டுக்கு. ஒன்பது வருடமாக மீன் தொட்டி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்ததால் எல்லாரும் அவரை மீன்காரர் என்றே அழைத்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"மீன் தண்ணிக்கு வெளிய நீந்துது சார்."

நாற்காலியில் சாய்ந்திருந்த மீன்காரரின் கால் ஒரு தடவை துள்ளி அடங்கியது. செயலாளர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து வெளியே அழைத்துப் போனார்.

"நீங்க சொன்னது கருத்து இல்லை. அதுக்குப் பேர் தகவல். இங்க யாரும் யாருக்கும் தகவல் சொல்றதில்லை."

"ஆனா மீன் வெளியதானே சார் நீந்துது?"

"நீந்தலாம். அது அவரோட பயணம்."

எனக்கு ஆறு வாரம் கருத்துப் பயிற்சி விதித்தார்கள். பயிற்சி வகுப்பில் நான் எழுதிய கருத்துகளுக்குக் கருத்து சொல்ல ஒரு துணைக்குழு இருந்தது. அந்தத் துணைக்குழு கனிவாகப் பேசுகிறதா என்று பார்க்க இன்னொரு குழு. நான் நன்றாகவே தேறினேன் என்று சொல்ல வேண்டும். ஆறு வாரத்தில் என்னால் எந்த விளையாட்டையும் பார்க்காமலே அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடிந்தது. ஒருநாள் அணைத்து வைத்திருந்த கணினிக்கு முன்னால் நின்று, "இருளை ரொம்ப அடக்கமாக் கையாண்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட டீயை நானே குடித்துவிட்டு, "சூடு நல்லா இருக்கு, நிறமும் சரி, சர்க்கரைதான்..." என்று ஆரம்பித்ததும், "சர்க்கரை போடலைன்னு சொல்லித் தொலையேன்டா" என்றாள் அக்கா.

வாங்கிய கருத்துகளை எல்லாம் திருத்தும் நகலில் செய்து காட்ட வேண்டும் என்பதால் அதையும் செய்தேன். நான்காவது மாதம் என் லிஃப்ட் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. பதினொரு பட்டன்கள் இருந்தன. கதவு இல்லை. கதவே இல்லாததால் கதவு திறக்காத பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று செயலாளர் பதிவேட்டில் எழுதினார். நான் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து வந்து அக்காவிடம் காட்டினேன்.

"இதுல எதை அமுக்கினா ஆள் இறங்குவான்?"

"யாரும் இறங்க மாட்டாங்கக்கா. ஏறவும் மாட்டாங்க."

அக்கா போனை என் பக்கமே தள்ளிவிட்டாள். பயிற்சி அம்மா வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஆள்காட்டி விரல் கொஞ்சம் வந்திருந்தது, கட்டைவிரல் அதற்குத் துணையாக அசைந்தது. மற்ற மூன்றும் அப்படியே இருந்தன. "அந்த போன் விளையாட்டு என்னாச்சு? அதை வச்சு ஒவ்வொரு விரலா அமுக்கப் பழக்கலாம்னு பார்த்தேனே" என்று கேட்டார். கருத்துக்கு வைத்திருக்கிறேன் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ பேரை எத்தனையோ லிஃப்டிலிருந்து வெளியே எடுத்தவனுக்கு, சொந்த அக்காவுக்கு ஒரு பொம்மைக் கதவைத் திறந்துகொடுக்க வக்கில்லை.

விதி நாற்பத்தொன்றின்படி, மன்றத்தை விட்டு விலகுபவருக்கு மூலக்கோப்பு திருப்பித் தரப்படும். அதைப் படித்த அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். 'அக்காவுக்கு விளையாட்டு உடனே தேவைப்படுவதால் விலகிக்கொள்கிறேன். கோப்பைத் தரவும்.' அவ்வளவுதான்.

செயலாளர் கடிதத்தை இருமுறை படித்தார். "மன்றத்துக்கு வர்ற எதுவும் ஒரு படைப்புதான். சனிக்கிழமை நாற்காலியில உட்காருங்க" என்றார்.

சுருக்கம் பாராட்டப்பட்டது. 'அக்கா' என்ற பாத்திரம் உயிரோட்டமாக இருப்பதாக ஒருவர் சொன்னார். ஆனால் முடிவு எதிர்பார்த்தபடியே இருக்கிறதாம். விலகுகிறேன் என்று எழுதுபவன் உண்மையிலேயே விலகிவிட்டால் அதில் என்ன திருப்பம் இருக்கிறது? திருத்தி எழுதினேன். ஆறாவது வடிவத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த நிறைவுற்ற படைப்பு என்ற பரிசு அறிவித்தார்கள். மன்றத்தின் வரலாற்றில் நிறைவுற்ற ஒரே படைப்பு அதுதான். பரிசு பெற்ற படைப்பு ஒரு வருடம் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே ராஜினாமா அதுவரை நடைமுறைக்கு வராது.

அன்று மாலை லிஃப்டில் இறங்கும்போது கூட மீன்காரர் மட்டும் இருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழைய காலத்துக் கம்பிக் கதவு வைத்த பெரிய கூண்டு. ஓடும்போது கதவை ஒரு விரல் அகலம் இழுத்தாலே நின்றுவிடும். பதினெட்டு வருடத்தில் நான் செய்யாத காரியத்தை அன்று செய்தேன். இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் கதவை இழுத்தேன்.

மீன்காரர் பயந்துபோனார். "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். இங்க மன்றம் இல்லை, மணி இல்லை. ஒரே ஒரு கேள்வி. என் விளையாட்டுல நாலாவது மாடிக் கதவு ஏன் திறக்கல? உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மேலேயும் கீழேயும் பார்த்தார். வெறும் சுவர்தான் இருந்தது. குரலை இறக்கிச் சொன்னார். "முதல் நாளே பார்த்தேன். உங்க கட்டடத்துல தரைத்தளத்தோட சேர்த்து அஞ்சு தளம். கதவு நாலுதான் எழுதியிருக்கீங்க. தரைத்தளத்தை மாடின்னு எண்ணாம விட்டுட்டீங்க. ஒரு வரி சேர்த்தா போதும்."

நான் கம்பியில் சாய்ந்து நின்றுவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்குகள் யாரும் தரைத்தளத்தை மாடியாக எண்ணுவதில்லை. கிளம்புகிற இடம், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் எழுதியது. ஒரு வரி. நாலு மாதம்.

"ஏன் சார் சொல்லல?"

"அது தகவலாச்சே. நானும் ஒண்ணு கேக்கணும். என் மீன் நிஜமாவே தண்ணிக்கு வெளியவா நீந்துது?"

"ஆமா சார்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது. ஆனா ஒன்பது வருஷமா எல்லாரும் நீரோட்டம் அருமைன்னு சொல்லிட்டிருந்தாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் கம்பிக் கதவைச் சாத்தினேன். லிஃப்ட் இறங்கியது.

காரணம் தெரிந்துவிட்டது, கோப்புதான் அலமாரியில் இருந்தது. ஆறாவது மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. பரிசு வாங்க வரும்போது அக்காவையும் அழைத்துவந்தேன். செயலாளரிடம் நேரில் கேட்கப்போவதாக அவளே சொல்லிவிட்டாள்.

விழா தரைத்தள மண்டபத்தில். நாங்கள் செயலாளரைத் தேடி மூன்றாம் மாடிக்குப் போய் லிஃப்டுக்கு எதிரே நின்றிருந்தபோது, ஏற்கும் நாற்காலியை மேடையில் வைப்பதற்காக லிஃப்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். முழுக்க இரும்பு. இடம் மிச்சமாகட்டும் என்று தலைவர் அதிலேயே ஏறி உட்கார்ந்தார். சுற்றிச் செயலாளரும் நிர்வாகக் குழுவினர் ஐந்து பேரும் நெருக்கிக்கொண்டார்கள். 'ஆறு பேர் மட்டும்' என்ற பலகை தலைவரின் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"சார், இதுல ஆறு பேருக்கு மேல..." என்றேன்.

செயலாளர் கையில் மணியோடு நின்றார். "முதல்ல பாராட்டு."

பயிற்சி பெற்ற வாய் அல்லவா, தானாக வந்துவிட்டது. "நீங்க எல்லாரும் நெருக்கமா நிக்கிறது பார்க்க ரொம்ப ஒற்றுமையா இருக்கு."

"நன்றி. ரெண்டாவது?"

"நாற்காலியைத் துடைச்சிருக்கீங்க. பளபளன்னு இருக்கு."

"நன்றி. இப்போ குறை சொல்லலாம்."

"குறை என்னன்னா..." என்பதற்குள் கம்பிக் கதவைச் சாத்திப் பட்டனை அமுக்கிவிட்டார்கள். லிஃப்ட் ஆள் உயரம் இறங்கி, தொம்மென்று நின்றது. அவர்கள் தலைகள் எங்கள் பாதத்துக்கு நேராக இருந்தன.

"...இந்தக் கூண்டு இவ்வளவு எடையைத் தாங்காது" என்று முடித்தேன்.

கீழிருந்து செயலாளரின் குரல் வந்தது. "மூணாவது பாராட்டு இன்னும் வரல."

ஒரு நிமிடம் கழித்து அவரே, "திறங்க" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கால் தானாக மொட்டைமாடி மோட்டார் அறைக்குக் கிளம்பியது. அக்கா வலது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுடா."

"அக்கா, ஆள் மாட்டியிருக்காங்க. பத்து நிமிஷத்துக்கு மேல நான் யாரையும் உள்ள விட்டதில்லை."

"நான் ஆறு மாசமா மாட்டியிருக்கேன். அவங்க ஒரு பத்து நிமிஷம் இருக்கட்டும்." லிஃப்டுக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்து, கம்பிக் கதவின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கீழே குனிந்து கேட்டாள். "கதவு திறக்கலைன்னு இவன் உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னான் சார்?"

"அம்மா, நீங்க உறுப்பினர் இல்லை."

"அப்போ எனக்கு மணி அடிக்க முடியாது. நல்லதாப் போச்சு. அந்த அலமாரிச் சாவியை மேல போடுங்க. இவன் போய் உங்களை எடுப்பான்."

உள்ளே ஆலோசித்தார்கள். சாவி தருவது பற்றிக் குழுவில் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்கு வாசகம் வேண்டும், வாசகத்துக்குக் கருத்து வேண்டும். அதற்குள் மணி நான்கு ஆகிவிட்டது. நான்கு மணிக்குத் தலைவர் உரை என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்ததால், தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடியே தாளைப் பிரித்தார்.

"அன்பான உறுப்பினர்களே! இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால வெளியில என்ன நிலைமை? யார் வேணும்னாலும் விளையாட்டு செஞ்சாங்க. யார் வேணும்னாலும் ஆடினாங்க. நல்லா இல்லைன்னா மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் காட்டுமிராண்டித்தனத்தை நாம ஒழிச்சோம். இந்த ஒரு வருஷத்துல மட்டும் நாம கொடுத்த கருத்து நாலாயிரத்து முந்நூறு! குறையோட ஒரு விளையாட்டாவது இந்த மன்றத்துலேர்ந்து வெளியே போயிருக்கா? இல்லை. குறை இல்லாமப் போயிருக்கா? அதுவும் இல்லை. எதுவுமே வெளியே போகலை. இதுக்குப் பேர்தான் தரம்! நானே பதினாலு வருஷமா என் விளையாட்டோட வரவேற்புத் திரைக்குக் கருத்து வாங்கிட்டிருக்கேன். அவசரப்படலையே!"

ஆறு பேரும் கைதட்டினார்கள். கூண்டு ஆடியது. ஒரு அங்குலம் இறங்கியது.

கைதட்டல் நின்றது. செயலாளர் தீர்மானம் எதுவும் இல்லாமல் இடுப்பிலிருந்து சாவியை உருவி, கம்பி இடுக்கு வழியாக மேலே எறிந்தார். அது அக்காவின் பக்கமாக வந்தது. அவளுடைய இடது கை மடியிலிருந்து அரை அடி எழுந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சாவி கையைத் தாண்டிப் போய்த் தரையில் விழுந்தது.

மீன்காரர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. சாவியைப் பொறுக்கிக்கொண்டு, "நீங்க மேல போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மொட்டைமாடியில் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினேன். நாற்காலியின் கனம் தோளில் இறங்கியது. முப்பது சுற்று சுற்றி, இறங்கி வந்து பார்த்தால், கூண்டு மூன்றாம் மாடிக்குச் சரியாக வந்து நின்றிருந்தது. கம்பிக் கதவை முழுக்க இழுத்துத் திறந்தேன்.

"வாங்க சார்."

யாரும் வரவில்லை.

"தலைவர் நாலாவது பக்கத்துலதான் இருக்கார்" என்றார் செயலாளர். "இப்போ வெளியே வந்துட்டா கூட்டம் கலைஞ்சதா ஆயிடும். பரிசு வேற கொடுக்கணும். அப்புறம் நீங்க எங்களைத் தூக்கினதைப் பத்தி எல்லாருக்கும் சில கருத்து இருக்கு. முதல்ல பாராட்டு. யார் ஆரம்பிக்கிறீங்க?"

நான் மன்ற அறைக்குள் போனேன். மீன்காரர் அலமாரியிலிருந்து பென் டிரைவை எடுத்து, செயலாளர் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டு, அந்த ஒரு வரியைச் சேர்த்து, அக்காவின் போனில் ஏற்றி முடித்திருந்தார். அக்கா மேஜை மேல் இடது கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். தரைத்தளம். முதல் மாடி. இரண்டு. மூன்று. நாலாவது மாடியில் டிங் என்றது. கதவு திறந்தது. நாலு பொம்மைகள் வரிசையாக வெளியே போயின.

"போங்கப்பா, போங்க. எவ்வளவு நாளா நின்னுட்டிருந்தீங்க" என்றாள் அக்கா. கண்ணைத் துடைக்கவில்லை. உடனே அடுத்த நடைக்கு அமுக்க ஆரம்பித்துவிட்டாள். இருநூறு முடிந்த பிறகுதான் எழுந்தாள். மீன்காரர் அதற்குள் தன் கணினிக்குப் போய், மீனைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தோம். கதவு திறந்தபடியே இருந்தது. ஏழு பேரும் உள்ளேயே இருந்தார்கள். இரண்டாவது ஆளின் இரண்டாவது பாராட்டு நடந்துகொண்டிருந்தது. "மேல தூக்கும்போது வந்த அந்தக் கிறீச் சத்தத்துல ஒரு நேர்மை இருந்துச்சு."

அக்கா அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தாறு வருடம் கடைசி நிறுத்தத்தில் நின்று போட்ட குரலில், "எல்லாரும் இறங்குங்க!" என்றாள்.

செயலாளர் மணி அடித்தார்.

"இவங்க இறங்க மாட்டாங்க. நாம இறங்குவோம், வா" என்றாள் அக்கா.

மூன்று மாடிப் படி. கைப்பிடிக் கம்பி இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. நான் வலது பக்கம் தாங்கிக்கொண்டேன். அவள் இடது கையைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல வளைந்து கம்பியைப் பிடித்தன. மற்ற மூன்றும் பிடிக்கவில்லை. அவற்றுக்கான மாதங்கள் மேலே, அலமாரியில் இருந்தன.